நெய்வேலிக்கு ஒரு முத்திரை குத்துவோம்

ஜெர்மனியில் சின்னம் இல்லாத ஊரே இல்லை போலிருக்கிறது. பெர்லினுக்குக் கரடி. மியூனிக்குக்கு ஒரு துறவி: கறுப்பு அங்கி, கையில் சிவப்புப் புத்தகம், பார்த்தாலே பக்தி வரும். அதே ஊரில் பரிசுப்பொருள் கடைக்குள் நுழைந்து பாருங்கள். துறவி சின்னக் குழந்தையாகி, புத்தகத்தை எங்கேயோ போட்டுவிட்டு, பீர் குவளையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்!

நாம் மட்டும் இளைத்தவர்களா? ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. புலி உட்கார்ந்திருக்கிறது. சரி, சோழன் வீட்டுப் புலி. பக்கத்தில் இரண்டு மீன். அடடே, அது பாண்டியனுடையது ஆச்சே? கூடவே ஒரு வில். அது சேரனுடையது! மேலே குடை, இரண்டு பக்கமும் சாமரம். போட்டிக் கம்பெனிகளின் லோகோவையெல்லாம் பிடுங்கித் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்ட முதலாளி மாதிரி. சுற்றிலும் வடமொழியில் ஒரு வாசகம் வேறு: மற்ற மன்னர்களின் மணிமுடிகள் மேல் அமரும் ஆணையாம் இது. அப்படி என்ன ஆணை என்று பிரித்துப் பார்த்தால், பழையனூர் என்ற கிராமத்தைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம்.

இப்போது நேராக 1948-க்கு வாருங்கள். நடுவில் நடந்ததெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு.

சென்னை மாகாணத்துக்குப் புதிதாக ஒரு சின்னம் தேவை. பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். (ஆமாம், அன்றைக்கு மாகாணத்துக்கும் பிரதமர்தான்.) ஓமந்தூர் தென்னாற்காடு மாவட்டம். சிதம்பரமும் அப்போது அதே மாவட்டம். அங்கே நான்கு திசையிலும் நான்கு கோபுரங்கள், ஜம்மென்று நிற்கின்றன. நெய்வேலியும் அதே மாவட்டம். பூமிக்குள் பழுப்பு நிலக்கரி இருப்பது அதற்குள் தெரிந்துவிட்டது. கடைசியில் சின்னத்தில் ஏறியது எந்த ஊர்க் கோபுரம்? தெற்கே எங்கேயோ இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்! சொந்த மாவட்டத்துக்கு ஒரு லோகோகூட வாங்கித் தராத மனிதரெல்லாம் அரசியலில் இருந்திருக்கிறார், பாருங்கள்.

கோபுர யோசனை தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யுடையது என்பார்கள். டெல்லியில் நேரு முகம் சுளித்தார் என்றும் சொல்வார்கள்: மதச்சார்பற்ற நாட்டில் அரசுச் சின்னத்தில் கோயிலா? ஓமந்தூரார் தரப்பு அசரவில்லை. இது கோயில் இல்லை சார், திராவிடக் கட்டடக்கலை! நேரு சமாதானமாகிவிட்டார். ஆனதோடு நிற்கவில்லை, பின்னாளில் பக்ரா அணையைப் பார்த்து இதுதான் நவீன இந்தியாவின் கோயில் என்றார். கோயில் படம் எதற்கு என்று மல்லுக்கட்டியவர், சிமென்டுக்குக் கும்பாபிஷேகமே செய்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அவரோ, நான் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரம் என்று பிற்பாடு சொன்னதாகச் செய்தி வந்தது. போச்சுடா! அரசாங்கம் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர். பதினோரு நிலை, 192 அடி உயரம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் அதைத்தான். ஆண்டாள் ஊர்க்காரர்களும் மீனாட்சி ஊர்க்காரர்களும் இன்றைக்கும் இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரு மாநிலம் முழுக்க ஒரு கோபுரத்தை லெட்டர்ஹெட்டில் வைத்துக்கொண்டு, அட்ரஸில் மட்டும் தகராறு செய்துகொண்டிருக்கிறது.

1967-ல் தி.மு.க. வந்தது. பகுத்தறிவுக் கட்சி, கோபுரம் காலி என்று பலரும் நினைத்திருப்பார்கள். அண்ணா ஆட்சி கீழே இருந்த வடமொழி வாசகத்தைத் தமிழாக்கி ‘வாய்மையே வெல்லும்’ என்று போட்டதோடு சரி. கோபுரம் அசையவில்லை. கடவுளே கிடையாது என்று மேடையில் முழங்கியவர் மறுநாள் ஆபீசில் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் தலைமாட்டில், ஜோராக ராஜகோபுரம்.

அதெல்லாம் இருக்கட்டும், நெய்வேலிக்கு ஒன்றும் இல்லையே என்பதுதான் என் வருத்தம். அங்கே நிலக்கரி எடுக்கும் கம்பெனிக்கு லோகோ இருக்கும், ஊருக்கு? ஜெர்மன்காரன் பாணியில் ஒரு கேடயச் சின்னம் வரைந்தால் என்ன வரும்?

முதல் கட்டத்தில் ஜம்புலிங்க முதலியார். 1930-களில் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. நாமாக இருந்தால் கிணறு வெட்டினவனைத் திட்டிவிட்டு வேறு இடத்தில் வெட்டச் சொல்லியிருப்போம். இவர் விடவில்லை, இது என்ன என்று அரசாங்கத்தைத் துளைத்தெடுத்தார். நிலமும் கொடுத்தார். நிலம் கொடுத்த மற்றவர்களும் இருக்கிறார்கள். கொடுத்த நிலத்துக்கு வேலை எங்கே என்று அவர்களில் பலர் இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பதால், கேடயத்தில் ஒரு மூலையைக் காலியாகவே விட்டுவைக்கலாம்.

கம்பெனி பிறந்தது 1956 நவம்பர் 14. தேதியைக் கவனித்தீர்களா? நேரு பிறந்தநாள்! சுரங்க வேலையைத் தொடங்கிவைக்க 1957 மே 20-ல் நேருவே வந்தார். தென்னாற்காட்டு மே மாத வெயிலில் ஒருவரை வரவழைப்பதென்றால், பிறந்தநாள் பரிசு கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அடுத்த கட்டம்தான் ரொம்ப ருசி. மண்ணைத் தோண்ட மேற்கு ஜெர்மனி மெஷின். தோண்டியதை எரிக்க சோவியத் அனல்மின் நிலையம். 1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழும்புகிறது. உலகமே மூன்றாம் போர் வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. அதே ஆகஸ்டில் நெய்வேலிப் பள்ளத்தில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில் படுகிறது. அங்கே முறைத்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பும், இங்கே ஒரே கன்வேயர் பெல்ட்டின் இரண்டு முனையில்.

அந்த ஜெர்மன் மெஷினைக் கேடயத்தின் நடுவில் போட்டாக வேண்டும். பக்கெட் வீல். ராட்டினம் மாதிரி ஒரு பிரம்மாண்டச் சக்கரம், விளிம்பு முழுக்கப் பக்கெட்டுகள், ஒவ்வொரு பக்கெட்டின் உதட்டிலும் எஃகுப் பற்கள். பக்கெட் ஒன்றுக்கு 350 லிட்டர், 700 லிட்டர், 1,400 லிட்டர் என்று சைஸ். இந்த ராட்சசனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மண்ணில் வைத்தார்கள். வெட்டியதா? வெட்டியது. கூடவே பல் தேய்ந்தது! கடலூர் மணற்கல் என்று ஒன்று இங்கே உண்டு. ஜெர்மனியில் மெத்தென்ற மண்ணைத் தின்று பழகிய சக்கரத்துக்கு இது கல்லுருண்டை. கடைசியில் முதலில் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்துக் கொடு, அப்புறம் சக்கரம் சாப்பிடட்டும் என்று ஏற்பாடாயிற்று. இன்ஜினியரிங் உலகமே கைகூப்பும் தேசத்து மெஷினுக்கு நம்ம ஊர்தான் சோறு பிசைந்து ஊட்டியது.

கீழே வாசகம்? வெளியூரில் இரண்டு நெய்வேலிக்காரர்கள் சந்தித்தால் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வியையே போட்டுவிடலாம்: ‘நீங்க எந்த பிளாக்?’ பதிலுக்கு ஒரு நம்பர்தான் வரும். ஆனால் அந்த நம்பரை வைத்தே அப்பா கம்பெனியில் என்ன கிரேடு, வீடு எந்த டைப் என்பதுவரை மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். சோழ முத்திரையில்கூட இத்தனை அந்தஸ்து விவரம் கிடையாது.

ஓரங்களில் அலங்காரத்துக்கு, இந்தச் செம்மண்ணில் விளையும் பலாவும் முந்திரியும் போடலாம் என்று நினைத்தேன். நடக்காது. பண்ருட்டிக்காரர்கள் இரண்டுக்கும் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறார்கள்.