நோயாளி மேல் அத்தனை நம்பிக்கை

நம் நாட்டில் நோயாளிக்கு இருக்கும் மரியாதை வேறெங்கும் கிடையாது. வைத்தியம் பார்ப்பவர், மருந்து தயாரிப்பவர், விற்பவர், சட்டம் போடுபவர் என்று அத்தனை பேரும் கடைசிப் பொறுப்பை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு அடக்கமாக ஒதுங்கி நிற்கிறார்கள். எழுபது வயதுப் பாட்டியாக இருந்தால் என்ன, எழுத்துக்கூட்டிப் படிக்கும் கொத்தனாராக இருந்தால் என்ன, எந்த மாத்திரை எத்தனை என்பதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். இந்தப் பெருந்தன்மையை யாரும் வாய்விட்டுப் பாராட்டுவதில்லை. அந்தக் குறையை நானாவது தீர்க்கிறேன்.

முதல் மரியாதை டாக்டருக்கு. வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கும்போது அரை நிமிடத்தில் ஒரு சீட்டை எழுதி முடிக்கும் கை லேசுப்பட்டதல்ல. ஒரு மேடு, ஒரு பள்ளம், கடைசியில் நீளமாக ஒரு இழுப்பு. அது பாராசிட்டமாலாகவும் இருக்கலாம், பான்டபிரசோலாகவும் இருக்கலாம். தனக்கு வந்தது காய்ச்சலா வயிற்றெரிச்சலா என்று நோயாளிக்குத் தெரியாதா என்ன? 2016இல் இந்திய மருத்துவ கவுன்சில் தேவையில்லாமல் நடுவில் புகுந்து, மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கும்படி எழுத வேண்டும், கூடுமானவரை கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று விதியைத் திருத்தியது. நம் டாக்டர்கள் விதியை மீறுகிறவர்களா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் 'கூடுமானவரை'யை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு வழக்கில் வந்த மருத்துவ அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை என்று நீதிபதி ஆதங்கப்பட்டு, படிக்க முடிகிற மருந்துச்சீட்டு அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பெழுதினார். மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் கையெழுத்துப் பயிற்சியைச் சேர்க்கவும் சொன்னார். ஐந்தரை வருடம் படித்துவிட்டு வருகிறவரை நாலுகோடு நோட்டு வாங்கச் சொல்வதா? நீதிபதிக்குப் புரியாவிட்டால் போகிறது, மெடிக்கல்ஸ் பையனுக்குப் புரிகிறதே!

கலை எழுத்தோடு நின்றுவிடவில்லை, எண்ணிலும் உண்டு. அரை மில்லிகிராமுக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் வெறும் புள்ளி ஐந்து. ஒரு மில்லிகிராமுக்குப் பின்னால் வேண்டாத புள்ளி பூஜ்யம். பேனா புள்ளியைத் தொட்டும் தொடாமலும் போனால் அரை ஐந்தாகிவிடும், ஒன்று பத்தாகிவிடும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இலேயே இந்த இரண்டையும் எழுதக்கூடாதவை பட்டியலில் போட்டுவிட்டது. யூனிட் என்பதற்குச் சுருக்கமாக எழுதும் ஆங்கில 'யூ'வையும் அதில் சேர்த்தது. அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து பத்து யூனிட் நூறாகிவிடுமாம். படித்த நர்ஸையே நம்பாத ஊர் அது. நோயாளியை எங்கே நம்பப்போகிறது?

மெடிக்கல்ஸுக்கு வருவோம். 1948ஆம் வருடத்து மருந்தியல் சட்டப்படி, பதிவு செய்த மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அவருடைய சான்றிதழ் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். ஆள் மட்டும் பல கடைகளில் கண்ணுக்குத் தெரிய மாட்டார். சான்றிதழ் இங்கே, உடம்பு வேறெங்கோ. சித்தர்கள் மறைந்துபோனார்கள் என்று யார் சொன்னது? அவர் அருளால் கத்தரிக்கோலோடு நிற்கும் பையன் பத்து மாத்திரை அட்டையை நாலாக வெட்டுகிறான். காலாவதித் தேதி அச்சடித்த முனை கடையில் தங்கிவிடும். மருந்துப் பெயரின் நடுவில் கத்தரி ஓடியிருக்கும். துண்டுகளை ஒரு பழுப்புக் கவரில் போடுகிறான். கவரின் முகப்பில் கடைப் பெயர், இருபது சதவீதத் தள்ளுபடி, டோர் டெலிவரிக்கான செல் நம்பர், எல்லாம் பெரிய எழுத்தில். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் 1-0-1. யாருக்கு, என்ன மருந்து, எத்தனை நாள் என்று ஒரு வரி கிடையாது. எந்த ஊரிலும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை வாசலில் நின்றால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும்:

"தம்பி, இத எப்பப்பா போடணும்?"

"கவர்ல எழுதியிருக்கேன் பாட்டி."

"எனக்கு எங்கப்பா படிக்கத் தெரியும்?"

"காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு. சாப்ட்டுட்டுப் போடுங்க."

"இந்தக் குட்டி மஞ்ச மாத்திர?"

"அதுவும் அப்படித்தான் பாட்டி. அண்ணே, உங்களுக்கு?"

குட்டி மஞ்சள் மாத்திரையில் பல வகை உண்டு. மூட்டு வாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே போட வேண்டும். ஒரே நிறத்தில் 2.5 மில்லிகிராமும் உண்டு, 10 மில்லிகிராமும் உண்டு. தினமும் விழுங்கினால் வாய் முழுக்கப் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது நிற்கும், சில வாரத்தில் ஆளே போய்விடலாம். உலகம் முழுக்க மருத்துவப் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு மாத்திரையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் நம் பாட்டியைப் பார்த்ததில்லை. 1-0-1 என்று எழுதியிருந்தாலும் அது செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் என்று பாட்டிக்கு உள்ளுணர்வு சொல்லாதா?

பெயர் சூட்டுவதில் கம்பெனிகளின் கற்பனைவளத்தைத் தனியே பாட வேண்டும். லாசிக்ஸ் என்பது சிறுநீர் பிரியக் கொடுப்பது, லோசெக் என்பது வயிற்று அமிலத்துக்கு. காதில் கேட்டால் அண்ணன் தம்பி. அமெரிக்கர்கள் பயந்துபோய் 1990இல் லோசெக்கை பிரைலோசெக் என்று மாற்றிக்கொண்டார்கள். இங்கே ஃபால்சிகோ என்றும் ஃபால்சிடாப் என்றும் இரண்டு மலேரியா மருந்துகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு. வழக்காடிய இரண்டு கம்பெனிகளின் பெயரிலும் கேடிலா இருந்தது கூடுதல் அழகு. மருந்துப் பெயரில் குழப்பம் வந்தால் உயிருக்கு ஆபத்து, சோப்பு சீப்பைவிடக் கறாராகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தில் 2001இல் நீதிமன்றம் சொன்னது. அரசு அவசரப்படவில்லை. பதினெட்டு வருடம் ஆற அமர யோசித்து, 2019இல் விதியைத் திருத்தியது: இதே போன்ற பெயர் சந்தையில் இல்லை என்று கம்பெனியே தேடிப் பார்த்து, கம்பெனியே உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். நோயாளியை நம்புகிறவர்கள் கம்பெனியை மட்டும் நம்ப மாட்டார்களா?

அட்டையின் பின்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அதைப் படித்தவர்கள் குறைவு. பளபளக்கும் அலுமினியத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம். சிகரெட் பெட்டியில் 2016 முதல் 85 சதவீத இடத்தைப் படத்தோடு கூடிய எச்சரிக்கை பிடித்திருக்கிறது. கொல்லும் பொருளுக்குத்தான் விளக்கம் வேண்டும், காப்பாற்றும் பொருளுக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம். அந்தச் சதுரம் வெட்டிய எந்தத் துண்டில் இருக்கிறது என்பது பையனுக்கும் கத்தரிக்கோலுக்கும் தெரிந்த ரகசியம்.

குழந்தைகள் மேலும் இதே நம்பிக்கைதான். ஒரு பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தாக வருவதில் ஒரு மில்லிக்கே 100. அதாவது சின்னக் குழந்தைக்கான சின்ன பாட்டில்தான் இருப்பதிலேயே காட்டம். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். கடையில் சிரப் தீர்ந்துவிட்டது என்று சொட்டு மருந்தைத் தந்து, அம்மா பழைய நினைப்பில் ஒரு ஸ்பூன் ஊற்றினால் உள்ளே போவது 500. பெரியவர் போடுகிற முழு மாத்திரை. மறுபடி ஆறு மணி நேரத்தில் ஒரு ஸ்பூன், அப்புறம் ஒரு ஸ்பூன். கல்லீரல் எத்தனை ஸ்பூன் தாங்கும் என்று அம்மா மனக்கணக்குப் போட்டுக்கொள்வாள். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு இந்தச் சுவாரசியம் பிடிக்கவில்லை. 2011இல் சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கெல்லாம் ஒரே அடர்த்தி என்று முடிவு செய்தார்கள்.

நம்பிக்கையின் சிகரம் இன்சுலின். இந்தியாவில் பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜில் 100. புது வகைகளில் சில பாட்டிலிலேயே 100. அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. எவ்வளவு நுட்பமான ரசனை பாருங்கள்! கறுப்பும் வெள்ளையும் வைத்திருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சர்க்கரை வியாதியில் கண் மங்கிப்போனவர், விடியற்காலையில், சமையலறை விளக்கில், சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிகிறாரா என்று பார்ப்பதில் இருக்கும் சுகமே தனி.

அவருக்கு இருபது யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபதாவது கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். அதில் இருப்பது ஐம்பது யூனிட். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தால் பிழைத்தார். மாற்றிச் செய்தால் நாடகம் இன்னும் நீளம். 40 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு என்றால் இருபதாவது கோட்டில் எட்டு யூனிட்தான். சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்காது. "வாயக் கட்டவே மாட்டேங்கறீங்களே ஐயா" என்று டாக்டர் செல்லமாகக் கடிந்துகொண்டு அளவை முப்பதாக்குவார். எந்த சிரிஞ்சு, கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேட்டு அவர் தன்மானத்தைச் சீண்ட மாட்டார். அடுத்த மாதம் கடையில் ஆரஞ்சு தீர்ந்து சிவப்பைத் தருவார்கள். அன்றைக்கு முப்பதும் முழுசாக இறங்கும். பிரிட்டன் இந்த இரட்டைக் கணக்கையெல்லாம் 1983இல் மூட்டை கட்டிவிட்டு, எல்லாம் 100 என்று ஆக்கிக்கொண்டது. சர்க்கரை நோயாளிகளுக்கு மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற அக்கறை இல்லாதவர்கள்.

இத்தனை வசதி செய்துகொடுத்த பிறகும் ஒரு சிலர் தவறிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் தூக்கி வருவார்கள். "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று டூட்டி டாக்டர் கேட்பார். மகள் பழுப்புக் கவரை நீட்டுவாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்துக் குடுக்க மாட்டீங்களாம்மா? படிச்சவங்கதான நீங்க?" என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். சீட்டை எழுதியவர், பெயர் வைத்தவர், அட்டையை வெட்டியவர், உறுதிமொழியை வாங்கிக் கோப்பில் வைத்தவர் எல்லோரும் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நாலாம் நாள் ஆள் பிழைத்து வீட்டுக்குப் போகும்போது கையில் டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். அதில் பளிச்சென்று டைப் அடித்திருக்கும்: நோயாளி தவறுதலாக அதிக அளவு மருந்து உட்கொண்டார்.