தண்ணிக்கும் இறால் விலை

ஏலே பேராண்டி, வா. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ஒரு கிலோ ஐஸ் இறாலு சட்டியில சுண்டிப் போச்சுன்னு பொண்டாட்டி மேல சந்தேகமா? பாவம், அவ திங்கல. சட்டியைப் பாரு, குளம் கட்டி நிக்கு.

பையைத் திருப்பிப் படி. 451-ன்னு பொடி எழுத்துல இருக்கா? அது டிரைபாஸ்பேட்டு. கெமிஸ்ட்ரி படிக்கிற உன் தங்கச்சிதான் எனக்கு வாசிச்சுச் சொன்னா. அதைக் கரைச்ச தண்ணியில இறாலை ஊறப் போட்டா, சதை தண்ணியைக் கட்டிப் பிடிச்சுக்கிடும். ஐஸ் இளகும்போது சாறு ஒழுகாது, வெந்தா சக்கையாவாது. நல்ல காரியந்தான். கூடவே எடையும் ஏறும். அளவுக்கு மீறி ஏத்தின தண்ணிதான் உன் சட்டியில குளமா நிக்கு. நான் சந்தையில கத்தரிக்கா வித்தவம்லே. வாடாம இருக்கத் தண்ணி தெளிப்பேன். எவ்வளவு தெளிச்சாப் போதும்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல ஏன் தெளிச்சேன்னு தராசுக்குத் தெரியும்.

உடனே ‘விஷம்’னு வாட்ஸ்அப்புல தட்டி விட்டிராதே. சோப்புத்தூள்லயும் இதைப் போடுதானுவன்னு ஒருத்தன் கத்துவான். போடட்டுமே! சுண்ணாம்பைச் சுவருக்கும் அடிக்கோம், வெத்தலையிலயும் தடவுதோம். இதோட பூர்வீகம் கேட்டா இன்னும் மூக்கைப் பொத்துவே. 1669-ல ஹாம்பர்க்ல பிராண்டுன்னு ஒருத்தன், தங்கம் எடுக்கப் போறேன்னு மூத்திரத்தைக் காய்ச்சினான். கிடைச்சது பாஸ்பரசு. அதுக்காக உன் எலும்பைக் கழட்டி எறிவியா? அதுலயும் அந்தச் சரக்குதான் இருக்கு.

எல்லாம் அளவுலதான்லே இருக்கு. உடம்பு எடையில கிலோவுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரசு, ஒரு நாளைக்கு அதுக்கு மேல வேண்டாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல சொல்லிருக்கு. 60 கிலோ ஆளுக்கு 2,400. பாலு, பருப்பு, மீனுல வர்றதும் இந்தக் கணக்குலதான். ஒரு வேளை இறால் குழம்பு உன்னைக் கவுத்திராது. ஆனா நீ காலையில கேக்கு, மத்தியானம் பாக்கெட் சீஸு, சாயங்காலம் கோலான்னு போனா, எல்லாத்துலயும் இந்தக் குடும்பத்து ஆளு ஒருத்தன் சம்மணம் போட்டு உக்காந்திருப்பான். பையில அவன் பேரு இருக்கும், அளவு இருக்காது.

உன் மாமனாருக்குக் கிட்னிக் கோளாறுல்லா? அவருக்கு இந்த 40 கணக்கு செல்லாது. பருப்புல உள்ள பாஸ்பரசு பாதிக்குப் பாதிதான் உடம்புல சேரும். பாக்கெட் சரக்குல கலந்தது ஏறக்குறைய அம்புட்டும் சேந்திரும். கிட்னி அதைத் தள்ளலைன்னா, எலும்புச் சுண்ணாம்பு கரைஞ்சு ரத்தக்குழாய்ல படியும். மருமவன் பாசத்துல அவருக்கு ஐஸ் இறாலும் கோலாவும் வாங்கிக் குடுத்து, சொத்துக்கு அவசரப்படுதான்னு பேரு வாங்காதே!

நாளைக்கு விடியும் முன்ன கடற்கரைக்குப் போயி பச்சை இறாலா வாங்கு. எனக்கும் ஒரு அரைக் கிலோ. காசா? இம்புட்டு நேரம் புத்தி சொல்லிருக்கேன், அதுல சொட்டுத் தண்ணி கலந்திருக்கேனா? நிறுத்துப் பாத்துக்கோ.