வாவாக்காரர்

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒருவரைப் பார்த்து, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்கக் கூடாது. என்ன சம்பளம், எந்தச் சர்ச் என்றும் கேட்கக் கூடாது. வேலியை ஒட்டிப் பல வருஷம் குடியிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இவையெல்லாம் தெரியாமலே காலம் ஓடிவிடும். ஆனால், "பெட்ரோல் போட நிறுத்தினால் சாண்ட்விச் எங்கே வாங்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். புல் வெட்டும் மெஷினை அணைத்துவிட்டு வேலியோரம் வந்து நின்றுகொள்வார். இருட்டும் வரை ஆள் நகர மாட்டார்.

கிழக்கே, பிலடெல்பியாவைச் சுற்றி, வாவா. நடுவிலும் மேற்கிலும் ஷீட்ஸ். இரண்டும் பெட்ரோல் பங்க்கும் பெட்டிக்கடையும் டிபன் கடையும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிற கடைகள். பெரும்பாலும் ராத்திரியிலும் மூடுவதில்லை. வாவா என்ற பெயரைப் பார்த்து நம் பாஷை என்று சந்தோஷப்பட வேண்டாம், அது ஒரு ஊர்ப்பெயர். அந்த ஊரில் 1902-இல் பால் பண்ணை வைத்த குடும்பம், வீடு வீடாகப் பால் ஊற்றுகிற தொழில் படுத்தபோது, 1964-இல் ஃபோல்சம் என்ற இடத்தில் கடை திறந்தது. ஷீட்ஸின் கதையும் ஏறக்குறைய அதேதான். ஆல்டூனாவில் தந்தையின் பால் கடைகளில் ஒன்றை 1952-இல் பாப் ஷீட்ஸ் விலைக்கு வாங்கியதில் தொடங்கியது. ஆக இருவருமே பால்காரர் வீட்டுப் பிள்ளைகள். பங்காளிச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

நான் அதிகம் பழகியது வாவாக்காரரோடு, அதாவது வாவாவே கதி என்று இருக்கிறவரோடு. ஆகவே அவரைப் பற்றி.

அவர் கடைக்குப் போவதில்லை, வாவாவுக்குப் போவார். ஆபீஸில் எழுந்து நின்று, "வாவா போறேன், யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பது அவருடைய தினசரிக் கடமை. வழி கேட்டால் தெருப்பெயர் சொல்லத் தெரியாது. "ரெண்டாவது வாவா வரும், அங்கே திரும்பாதே. அடுத்த சிக்னல் தாண்டி, முன்னாடி பழைய வாவா இருந்ததே, அங்கே இடது பக்கம்" என்பார். பழைய வாவா மூடி எவ்வளவோ காலமாகியிருக்கும். இப்போது அங்கே பல் டாக்டர் இருப்பார். போர்டும் பல் டாக்டர் பெயரில்தான் இருக்கும். வந்து சேராதவர்களை நினைத்து வாவாக்காரருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

பிலடெல்பியாக்காரர்கள் சாலையில் எப்படிப்பட்டவர்கள் என்பது ஊரறிந்த விஷயம். நெடுஞ்சாலையில் நம் வண்டியை உரசுகிற மாதிரி முந்துவார், ஹாரனை அழுத்தியபடி ஜன்னலை இறக்கி நம் பரம்பரையை விசாரிப்பார். அதே மனிதர் அடுத்த வெளிவழியில் இறங்கி வாவாவுக்குள் நுழையும்போது பாருங்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். யாருக்காக? நமக்காக. நாம் அப்போதுதான் வண்டியை விட்டு ஒரு காலைக் கீழே வைத்திருப்போம். கதவுக்கும் நமக்கும் நடுவில் பார்க்கிங் முழுக்க இருக்கும். அவர் அசைய மாட்டார். மழை பெய்தாலும் நிற்பார். பிடித்த கதவை விட்டுவிட்டுப் போவது அங்கே பெரிய அவமரியாதை. நாமோ, ஒரு மனிதரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில், வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக ஓட வேண்டியிருக்கும். மூச்சிரைக்க நன்றி சொன்னால் தலையை அசைத்துவிட்டு, நமக்குப் பின்னால் வருகிறவருக்காகத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருப்பார். வாவாவில் கூட்டம் அதிகம் என்பதால் சில பேர் உள்ளே போய் எதுவும் வாங்குவார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

உள்ளே போனால் ஹோகி வாங்குவதற்குத் தொடுதிரை. ஹோகி என்பது நீள ரொட்டியைக் கீறி, இறைச்சி, சீஸ், லெட்யூஸ், தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் அடைத்து, எண்ணெய் விட்டு, ஆரிகனோ தூவிய சாண்ட்விச். 1992-இல் மேயர் எட் ரெண்டல் அதைப் பிலடெல்பியாவின் அதிகாரபூர்வ சாண்ட்விச் என்றே அறிவித்தார். வாவாவில் இதைப் பேசி வாங்க முடியாது, தொட்டுத்தான் வாங்க வேண்டும். புதிதாக வருகிறவர் திரையின் முன் திகைத்து நிற்பார்: அளவு ஷார்ட்டியா, கிளாசிக்கா? எந்த ரொட்டி? சீஸ் எது? வாட்ட வேண்டுமா? ஊறுகாய்த் துண்டு? மிளகாயா, ஜாலபீனோவா? வெங்காயம் கொஞ்சமா, நிறையவா? வாவாக்காரர் திரையைப் பார்ப்பதுகூட இல்லை. பக்கத்தில் நிற்பவரிடம் உள்ளூர் ஃபுட்பால் டீமான ஈகிள்ஸின் ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருக்க, விரல் தானாக ஏழெட்டு இடத்தில் விழும். சீட்டு வரும். அதைக் கிழித்துக்கொண்டு காபிப் பக்கம் போவார். நாம் இன்னும் ரொட்டியிலேயே இருப்போம். பின்னால் நிற்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்கும்.

இந்தத் திரையைப் பார்த்து வியந்து மாட்டிக்கொண்டவர் மிட் ராம்னி. 2012-இல் ஒபாமாவை எதிர்த்து அதிபர் தேர்தல் பிரசாரத்துக்கு வந்தவர், வழியில் வாவாவில் சாண்ட்விச் வாங்கியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் தொடுதிரையின் மகிமையைப் பேசியவர், கடைப்பெயரில் ஒரு 'ஸ்' சேர்த்து 'வாவாஸ்' என்று சொல்லிவிட்டார். அந்த நவம்பரில் பென்சில்வேனியா ஒபாமாவுக்குப் போனது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று எந்த அரசியல் ஆய்வாளரும் சொல்லவில்லை. வாவாக்காரர் சொல்கிறார்.

எதிர்க்கட்சியைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார். ஷீட்ஸில் எல்லாம் எண்ணெயில் முக்கிப் பொரித்தது என்பார். சீஸைப் பொரிப்பான், சீஸ் போட்ட மக்ரோனியையும் உருட்டிப் பொரிப்பான், நடுராத்திரி இரண்டு மணிக்குக் காலேஜ் பையன்கள் தின்பதற்கென்றே சமைப்பான். பலகாரங்களுக்கு 'ஷ்' சேர்த்து 'ஷ்மஃபின்' என்று பெயர் வைப்பது பெரிய மனிதர்கள் செய்கிற வேலையா? இதைச் சொன்ன அதே வாயால் மறுநாள் காலை வாவா கவுன்ட்டரில் 'சிஸ்லி' ஒன்று எடுத்துக்கொள்வார். அது வாவாவின் முட்டை சாண்ட்விச். அதில் அவருக்குப் பிள்ளைத்தனம் எதுவும் தெரிவதில்லை.

"நீங்க ஷீட்ஸ்ல என்ன சாப்பிட்டிருக்கீங்க?" என்று கேட்டால் பதில் சுருக்கமாக வரும்: "நான் எதுக்குச் சாப்பிடணும்?"

ஷீட்ஸ்காரர் சளைத்தவரல்ல. அவருடைய வாதம் எளிது. எங்கள் கடை எதையும் ஒளித்து வைப்பதில்லை, பொரித்ததைப் பொரித்தது என்றே சொல்கிறோம். பிலடெல்பியா நகரத்துக்குள் இருக்கிற பல வாவாக்களில் பெட்ரோலே கிடையாது, அதெல்லாம் ஒரு கடையா? அதுவுமில்லாமல், 2023 ஜூலை 4 அன்று, நாடு சுதந்திரத்தை அறிவித்த ஆண்டை நினைவுகூர்ந்து, ஷீட்ஸ் ஒரு காலன் பெட்ரோலை 1.776 டாலருக்கு விற்றது. 1776-இல் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தானது பிலடெல்பியாவில். அந்த வருஷத்தைத் தூக்கிக்கொண்டுபோய் விலைப்பலகையில் எழுதியது ஆல்டூனா. வாவாக்காரருக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை. பதிலுக்கு அவர் காட்டுவது, பிலடெல்பியாவின் சுதந்திர தின விழாவே வாவா பெயரில்தான் நடக்கிறது என்பதையும், அந்த நாட்களில் டன் கணக்கில் ஹோகி செய்து ஊருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதையும். கம்பெனியில் ஏறக்குறைய 40 சதவீதம் ஊழியர்களின் பங்கு என்பதையும் சேர்த்துக்கொள்வார். அது உண்மை, நல்ல விஷயமும்கூட. ஆனால் அதைச் சொல்கிறபோது அந்தப் பங்கு தன்னிடமே இருப்பது போன்ற ஒரு மிடுக்கு அவர் முகத்தில் வரும். அவர் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியில்.

வாவாவைக் குறை சொல்லவே கூடாதா? சொல்லலாம், அவர் சொல்லலாம். "முன்னே மாதிரி இல்லை" என்று ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அந்தக் காலத்தில் இறைச்சியைக் கண்ணெதிரே சீவிப் போடுவார்கள், இப்போது சீவியே வருகிறது. ரொட்டி வேறு மாதிரி ஆகிவிட்டது. 2023-இல் பீட்சா வேறு போட ஆரம்பித்துவிட்டார்கள், வாவாவுக்கு எதற்குப் பீட்சா? இப்படிப் பத்து நிமிஷம் பொருமுவார். உடனே நாமும் ஒத்தூதலாம் என்று, "ஆமாம், அன்னைக்கு ரொட்டி கொஞ்சம் வறட்சியாத்தான் இருந்துச்சு" என்றால் போச்சு. "எந்தப் பிராஞ்ச்ல வாங்கினே? அந்தப் பிராஞ்ச் அப்படித்தான்" என்று பழி நம் மேல் திரும்பிவிடும்.

ஓய்வு பெற்றவர்கள் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போவது வழக்கம். வாவாவும் 2012-இல் அவர்கள் பின்னாலேயே போய் ஒர்லாண்டோ பக்கம் கடை திறந்துவிட்டது. இப்போது விர்ஜீனியா, வட கரோலினா என்று மொத்தம் ஆயிரத்துக்கு மேல் கடைகள். 2022-இல் புறநகர் ரயில்பாதையையே வாவா ஊர்வரை நீட்டி, ஸ்டேஷனுக்கு வாவா என்று பெயர் வைத்தார்கள். ஊருக்குத்தான் அந்தப் பெயர், கடைக்கு அல்ல. இதை வாவாக்காரரிடம் விளக்கப் போனவர்கள் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.

இந்த நோய் பென்சில்வேனியாவோடு நிற்கிற ஒன்றல்ல. விஸ்கான்சினில் க்விக் ட்ரிப் கடையைக் குறை சொன்னால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அயோவாவில் சின்னச் சின்ன ஊர்களில் பீட்சா என்றாலே கேஸீஸ் பெட்ரோல் பங்க் பீட்சாதான். டெக்ஸாஸில் பக்கீஸ் என்று ஒன்று, லூலிங் ஊரில் 2024-இல் திறந்த கடை 75,000 சதுர அடி. டெக்ஸாஸ்காரர் அதன் இறைச்சியைவிடக் கழிப்பறைச் சுத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பெருமையடிப்பார். வாவாக்காரர் இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்வார். தூரத்து ஊர்க்காரர் எதைத் தின்றால் என்ன? பக்கத்து மாவட்டக்காரர் தின்பதைத்தான் பொறுக்க முடியாது.

நம்மவர்கள்? அங்கேதான் விசேஷம். பிலடெல்பியா புறநகர்களான எக்ஸ்டன், கிங் ஆஃப் பிரஷ்யா பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களில் வாவாக்காரராக மதம் மாறியவர்கள் ஏராளம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தத் திரை ஒரு வரப்பிரசாதம். "மீட் வேண்டாம், சிக்கனும் வேண்டாம், ஆமாம், மீனும் வேண்டாம்" என்று யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. சீஸ், வெங்காயம், மிளகாய், ஜாலபீனோ, மறுபடியும் ஜாலபீனோ என்று தொட்டுவிட்டு நின்றால் வந்துவிடும். உள்ளூர்க்காரர் பிறந்த ஊருக்காக விசுவாசமாக இருக்கிறார். புதிதாக வந்தவருடைய விசுவாசம் அதைவிடக் கெட்டி.

அதைப் பார்க்க வேண்டுமானால் பிட்ஸ்பர்க் பயணத்தில் பார்க்க வேண்டும். அங்கே பென் ஹில்ஸில், 1970-களில் குடமுழுக்கு நடந்த வேங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. பிலடெல்பியாவிலிருந்து மாநிலத்தின் குறுக்கே சுமார் 300 மைல். ஹாரிஸ்பர்க் தாண்டினால் ஷீட்ஸ் ராஜ்ஜியம். வழியில் ப்ரீஸ்வுட்டில் இறங்கினால் ஷீட்ஸின் சிவப்பு போர்டு கண்ணைப் பறிக்கும்.

"ஏங்க, பசங்க பசிக்குதுங்கறாங்க. நிறுத்துங்க."

"கோயிலுக்குப் போற வழியில கண்டதையும் சாப்பிட வேணாம்."

புளியோதரை டப்பா பின்சீட்டில் திறக்கும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். தரிசனம் முடிந்து, அர்ச்சனை முடிந்து, திரும்பும்போது அதே ப்ரீஸ்வுட், அதே போர்டு.

"இப்பதான் சாமி கும்பிட்டாச்சே. நிறுத்துங்க."

"இன்னும் மூணு மணி நேரம் பொறுத்துக்கோ. நம்ம பக்கம் போயிடலாம்."

"அப்படி வாவாவுல மட்டும் என்ன தேவாமிர்தமா தர்றான்?"

வண்டியில் அமைதி. அவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடிகிற பதில் ஒன்றுதான், அது அவருக்கே சொல்லக் கூச்சம்: இந்த நாட்டில் முதல்முதலாக யாரோ ஒரு முன்பின் தெரியாதவர் அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அங்கேதான். கடைசியில் வண்டி ஷீட்ஸில் நிற்கும். பிள்ளைகள் பொரித்த சீஸை இழுத்து இழுத்துத் தின்பார்கள். மனைவியும் ஒன்று எடுத்துக் கடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார், சற்று உரக்க. அவர் வெளியே பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பார். அதையும் பாதி டாங்க்தான் போடுவார், மீதியை ஊரில் போட்டுக்கொள்ளலாமென்று.

பிள்ளையைப் பார்க்கவோ வேலை மாற்றலிலோ பென்சில்வேனியா வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிலடெல்பியாவில் இறங்கினால் வாவா, பிட்ஸ்பர்க்கில் இறங்கினால் ஷீட்ஸ், அவ்வளவுதான் விதி. எது நல்லது என்று நீங்களாக ஆராயப் போகாதீர்கள். 'இரண்டும் ஒன்றுதானே' என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கிழக்கும் மேற்கும் ஒன்றாகத் திரண்டு வந்துவிடும். காபியை மட்டும் வீட்டிலேயே டிகாஷன் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த விஷயத்தில் இரண்டு கடைக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது.