கருத்தாளர் வருகிறார்!

தோளில் ப்ரொஜெக்டர் பை, கக்கத்தில் சுருட்டிய சார்ட், சட்டைப் பையில் நாலு வண்ண ஸ்கெட்ச் பேனா. காலை ஒன்பதரைக்கு வட்டார வள மையத்துக்குள் இப்படி ஒருவர் நுழைந்தால் அவர்தான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர். போன வருடம்வரை ஏதோ ஒரு நடுநிலைப் பள்ளியில் வேற்றுமை உருபு நடத்திக்கொண்டிருந்த தமிழாசிரியர். மாவட்டப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை.

"விரிவுரை முறை செத்துப்போச்சு டீச்சர்!" என்று தொடங்குவார். அதற்கான கருமாதியை ஒன்றே முக்கால் மணி நேரம் விரிவுரையாகவே நடத்துவார். திரையில் மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு வரும். 1943-இல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது என்று யாராவது சொன்னால், "அதையும் எடுத்துக்கலாம் சார்" என்பார். எதையும் மறுக்கக் கூடாது என்பது அவருக்குத் தந்த பயிற்சி. பிரமிடின் அடித்தளம் பசி என்று அவர் விளக்கும்போது மணி பதினொன்று. ஆசிரியர்கள் அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டு வடை வரும் வாசலையே பார்ப்பார்கள்.

கடைசி வரிசைத் தமிழய்யாவுக்கு மட்டும் வேறு கணக்கு. ஆகாத ஆசிரியருக்கு நாலு உவமை சொன்ன பவணந்தி முனிவரை நினைத்துக்கொள்வார். போட்ட வரிசையில் காயைக் கொட்டாத கழற்குடம்தான் இவர் என்பது அவர் கட்சி; மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கி வரும் பயிற்சிக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. நான் முடத்தெங்கு என்பேன். அரசு செலவில் நீர் வார்த்து வளர்த்த தென்னை, ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் பள்ளி முற்றத்தில் காய் உதிர்க்கிறதே!

"ஆறாங்கிளாஸ் பையன் சார், உயிர்மெய்யே வரலை. என்ன பண்றது?" என்று ஒரு நாள் ஒரு டீச்சர் கேட்டார்.

"சூப்பர் கேள்வி! எல்லாரும் ஒரு மழைத் தட்டு தட்டுங்க!"

தட்டினார்கள். கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, 'பார்க்கிங்' என்று தலைப்பிட்ட சார்ட்டில் ஒட்டினார். அங்கே நிறுத்திய வண்டி எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஃபேன் காற்றில் சார்ட்டே மாலைக்குள் கழன்று விழுந்துவிடும்.

அன்று மதியம் மின்சாரம் போனது. திரை இருண்டது. கருத்தாளர் ரிமோட்டை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி ஜன்னலோரம் வந்து நின்றார்.

"அந்த மாதிரிப் பையன் ஒருத்தனை என்கிட்டயும் ஒரு வருஷம் போட்டாங்க டீச்சர். அரிச்சுவடியைக் காட்டினா ஓடிருவான். அவன் ஆட்டுக்கு என்ன பேருன்னு கேட்டேன். கருப்பின்னான். அதைப் பலகையில எழுதினேன். 'ரு' வந்துச்சு, 'பி' வந்துச்சு. அப்புறம் அவங்க ஊர் பஸ் போர்டு, அவன் தங்கச்சி பேரு. தைக்குள்ள வாய்விட்டுப் படிச்சான்."

அறையில் பேச்சு நின்றுவிட்டது. தமிழய்யாகூடக் குறிப்பெடுத்தார். ஆட்டுக்கு அடுத்து என்ன எழுதினார், மெய்யெழுத்தை எப்போது தொட்டார் என்று ஆளுக்கொரு கேள்வி. அவரும் கரும்பலகையில் எழுதி எழுதிக் காட்டினார்.

மின்சாரம் வந்தது. "மன்னிக்கணும், இருபது நிமிஷம் வீணாப்போச்சு. ஸ்லைடுக்குப் போயிடலாம்."

மாலையில் பின்னூட்டப் படிவம். ஒருவர் எழுதியதைப் பார்த்து எல்லாரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதினார்கள். கேள்வி கேட்ட டீச்சர் மட்டும், 'அடுத்த பயிற்சியிலும் மின்தடை வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

கருத்தாளர் அதை இரண்டு முறை படித்தார். 'மின்வசதி குறித்து ஆசிரியர்கள் குறை தெரிவித்தனர்' என்று அன்றிரவே மாவட்டத்துக்கு அறிக்கை போய்விட்டது. அடுத்த பயிற்சிக்கு ஜெனரேட்டர் வருகிறதாம்.