மோர் குடி, தம்பி

முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய அந்தப் பணம் எங்கள் சிறுவயதில் எவ்வளவாக வளர்ந்திருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை, ஆனால் அது வரும் நாளில் தெருவிலிருந்த ஆத்தாமார் எல்லாரும் காலையிலேயே தலைவாரி, சுருக்குப் பையும் வெற்றிலையுமாகத் திண்ணையில் இடம்பிடித்துவிடுவார்கள்.

தபால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு, "முட்டுவலி எப்படி ஆத்தா?" என்று விசாரித்தபடியே கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் கைநாட்டு வாங்குவார், ரூபாயை எண்ணிக் கொடுத்ததும், "மோர் குடி, தம்பி" என்று செம்பு நீளும், பக்கத்து ஊர்ச் சாவும் சம்பந்தமும் அந்த மோரோடு கைமாறும். விளையாட ஓடும் எங்களையும் பிடித்து இன்னொரு தரம் எண்ணச் சொல்வார்கள், கூலியாக ஒரு பொரிவிளங்காய் உருண்டை.

2023இல் தொகை 1,200 ரூபாயானது. இப்போது பணம் வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழுகிறது. 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்றிதழ் வந்தபின், ஓய்வூதியர்கள் உயிரோடிருப்பதைக் காட்ட நவம்பர் மழையில் அலுவலகம் ஏறி இறங்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். நல்லதுதான். ஆனால் காலமெல்லாம் களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை மங்கிய விரலை, அன்று மை ஏற்றுக்கொண்டது, இன்று கைரேகைக் கருவி பல நேரம் ஏற்பதில்லை. "நான்தான் முன்னாடியே நிக்கேனே, பொறவு என்ன?" என்று ஆத்தா அந்தப் பெட்டியோடு வழக்காடும்போது சிரிப்பு வருகிறது, வந்த வேகத்தில் நெஞ்சும் கனத்துப்போகிறது.

பிள்ளைகள் கவனிக்காவிட்டால் முறையிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உதவி கேட்க 14567 என்ற எண் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு இரண்டையும் சொல்லுங்கள். அந்தத் தபால்காரர் செய்தது இவற்றுக்கு அப்பால் உள்ள ஒன்று: பணத்தைக் கொடுத்தார், மோரை வாங்கிக்கொண்டார். கொடுக்க நாலு பேர் இருந்தும், தங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லாதபோதுதான் பெரியவர்களுக்கு, தம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற எண்ணம் வருகிறது.

ஆகவே, வங்கிக்குக் கூட்டிப் போய்த் திரும்பியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். நாரத்தங்காய்க்கு உப்புக் கணக்கைக் கேளுங்கள், பாகம் பிரித்த காலத்து வழக்கைக் கேளுங்கள், பெயர் வைக்கப் பேரப்பிள்ளையைக் கையில் கொடுங்கள். தருவதை வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.