பாட்டரி மேல் விழுந்த பழி

பனியன் ஏற்றுமதியில் லக்ஷ்மி கடாட்சம் பெற்ற திருப்பூர்ப் பிரமுகர் ஒருவர், மணிக்கு 250 கிலோமீட்டர் பறக்கவல்ல ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதைக் குமரன் சாலையில், துணி மூட்டை ஏற்றிய டெம்போவின் பின்னால், ஏ.சி.யும் முகவிளக்கும் பாட்டுப் பெட்டியும் சகிதமாக ஊர்வலம் விடுவாரேயானால், மந்தகதியில் சுழலும் ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தராததில் என்ன ஆச்சரியம்? மறுநாள் செல்ஃப் எடுக்காது. விசாரணையேதுமின்றிப் பாட்டரி குற்றவாளியாகும். அதற்குப் பதிலாக வந்த புதுப் பாட்டரியும் சில வாரங்களில் படுத்துவிடும்.

ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் பிடித்து, விட்டுப்போன தையலைத் தேடும் அப்பிரமுகருக்கு, பாட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கும் பொறுமை மட்டும் வருவதில்லை. இன்ஜின் ஓய்ந்திருக்கையில் சுமார் 12.6 வோல்ட்டும், ஓடுகையில் ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்டினால் க்ஷேமம். ஓடும்போதும் ஏறாவிடில், தளர்ந்த பெல்ட், துருவேறிய எர்த் இணைப்பு, தேய்ந்த கார்பன் பிரஷ், பழுதான ரெகுலேட்டர் போன்றவற்றில் ஏதோ ஒன்றே பெரும்பாலும் உண்மைக் குற்றவாளி.

இதற்கிடையே, இன்ஜின் ஓடும்போதே பாட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் டைனமோ காலத்து வித்வான் ஒருவர் தவறாமல் பிரசன்னமாவார். அந்தச் சம்பிரதாயம், மின்னழுத்தத்தைத் திடீரென எகிறச் செய்து, டயோடோடு வண்டியின் கம்ப்யூட்டரையும் பஸ்பமாக்க வல்லது.

கனவான்களே, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது; பழுதை நீக்கியபின், எப்போதாவது அங்கே கொண்டுபோய் ஓட்டுங்கள்.