விலாங்குக்கு விலாங்கு எதைக் காட்டும்? கடல்நீர்த் தொட்டியில் பத்துப் பொருத்தம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பது பழமொழி. விலாங்கின் வெளியுறவுக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அதன் உள்நாட்டு விவகாரம் பற்றி நம் முன்னோர் வாய் திறக்கவே இல்லை. ஒரு விலாங்கு இன்னொரு விலாங்குக்கு எதைக் காட்டும்? தமிழ் ஆய்வுலகில் நெடுங்காலமாகக் கிடக்கும் இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஆற்று விலாங்கும் குளத்து விலாங்கும் இதில் வரா. கடலில் பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் அஞ்சாலைதான் ஆய்வுப்பொருள். உலகில் சுமார் 200 இன அஞ்சாலைகள் உண்டு. கடலூர் மாவட்டம் முடசலோடையில் கரை சேர்ந்த மீன்களிலிருந்து ஒரு புதிய இனம் அடையாளம் காணப்பட்டு, 2023-இல் அதற்குத் தமிழ்நாட்டின் பெயரையே சூட்டிவிட்டார்கள். ஆக, இது இனி நம் வீட்டு விஷயம்.

மனிதர்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் முடிக்கிறோம். அதற்குப் பிறகும் சண்டை வருகிறது. அஞ்சாலைக்கோ ஒன்றும் பார்ப்பதில்லை. "ஒண்ணும் பண்ணாது சார், சின்னதுதானே" என்று கடைக்காரர் கொடுத்த ஒற்றை வாக்கை நம்பி, இரண்டை ஒரே தொட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறோம். பத்துப் பொருத்தத்தை அஞ்சாலைக்கும் பார்த்தால் என்ன என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

2. முந்தைய ஆய்வுகள்

இத்துறையில் ரோமானியர் முன்னோடிகள். கடலோர மாளிகையில் குளம் வெட்டி அஞ்சாலை வளர்ப்பது அங்கே பெரிய மனிதர்களின் லட்சணம். சொற்பொழிவாளர் கிராஸஸ், தாம் வளர்த்த அஞ்சாலை செத்ததற்குத் துக்கம் காத்தாராம். அதைக் கேலி செய்த டொமிஷியஸிடம், மூன்று மனைவியர் போனபோதும் நீர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று திருப்பிக் கேட்டாராம். துரூசஸின் மனைவி அன்டோனியா தம் செல்ல அஞ்சாலைக்குத் தோடு போட்டு அழகு பார்த்ததாகப் பிளினி எழுதியிருக்கிறார். வெளிக்காதே இல்லாத பிராணிக்குத் தோட்டை எங்கே மாட்டினார் என்ற விளக்கம் இல்லாததை ஒரு முறையியல் குறையாகவே கருத வேண்டியிருக்கிறது.

வேடியஸ் பொல்லியோ என்ற செல்வந்தரின் ஆர்வம் எல்லை மீறியது. விருந்தில் படிகக் கோப்பையை உடைத்த அடிமையை அஞ்சாலைக் குளத்தில் எறியச் சொன்னார். விருந்தாளியாக வந்திருந்த பேரரசர் அகஸ்டஸ் அந்த அடிமையைக் காப்பாற்றி, மிச்சமிருந்த படிகப் பாத்திரங்களையும் உடைக்கச் சொல்லி, குளத்தையும் தூர்க்க உத்தரவிட்டார். இவர்கள் எல்லாருமே மனிதருக்கும் அஞ்சாலைக்கும் உள்ள உறவோடு நின்றுவிட்டார்கள். அஞ்சாலைக்கும் அஞ்சாலைக்கும் ஒத்துப்போகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

2006-இல் ரெடுவான் பிஷாரியும் உடனிருந்தோரும் செங்கடலில் கண்டது சற்று நெருங்கி வருகிறது. களவா மீன், ராட்சத அஞ்சாலையின் பொந்துக்கு முன்னால் போய்த் தலையை ஆட்டுகிறது. அஞ்சாலை வெளியே வருகிறது. இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போகின்றன. பாறை இடுக்குக்குள் ஒளிந்த இரையை அஞ்சாலை துரத்தும்; வெளியே ஓடிவந்ததைக் களவா பிடிக்கும். யார் வாயில் சிக்கியதோ அவருக்கே முழு மீனும். பங்கு பிரிக்கும் பேச்சே இல்லை. கூட்டு நிலைப்பதற்கு அதுவே காரணம் என்று ஊகிக்க இடமுண்டு.

3. பொருத்தங்கள்

தினம். ஆரோக்கியத்தைக் குறிப்பது, எனவே தண்ணீரைக் குறிப்பது. தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி, வெப்பம் 24 முதல் 27 டிகிரி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். சென்னையில் சில பேட்டைகளின் போர் தண்ணீர் உப்பாகத்தானே இருக்கிறது என்று அதையே தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது; ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். மே மாதத்தில் சில்லர் இல்லாமல் முடியாது. அஞ்சாலை முழுநேர அசைவம் என்பதால் கழிவும் அதற்கேற்ப இருக்கும். கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், தொட்டிக்குச் சொன்ன அளவைவிடப் பெரியதாக இருப்பது நல்லது. உடம்பில் செதில் கிடையாது, கோழைதான் கவசம். மற்ற மீனுக்குப் போடும் தாமிர மருந்தை அதே தொட்டியில் ஊற்றினால் முதலில் வாடுவது அஞ்சாலைதான்.

கணம். பொருத்தங்களில் தலையாயவற்றுள் ஒன்று. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வந்த விருந்தாளி, கடிக்க வருகிறது என்று நாற்காலியைப் பின்னால் இழுப்பார். உண்மையில் அது மூச்சுத்தான் விடுகிறது. வாயால் இழுத்த தண்ணீரைச் செவுள் வழியே தள்ளுகிறது. நமக்கு அதில் ஒரு லாபம், பல்லை இலவசமாகப் பார்த்துவிடலாம்.

வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டும் அதற்குள் மஞ்சள் புள்ளியுமாக இருக்கும் ஸ்நோஃப்ளேக்கின் பற்கள் மழுங்கியவை. பழுப்பில் மெல்லிய வெள்ளை வளையம் போட்ட ஸீப்ராவுக்குக் கூழாங்கல் பதித்த தரையே வாயில் இருக்கிறது. இரண்டும் நண்டின் ஓட்டை நொறுக்கப் பிறந்தவை. மீனைத் துரத்தித் தின்னும் நாட்டமும் குறைவு, ஆயுதமும் குறைவு. இவை தேவ கணம். ஊசிப்பல் கொண்டு மீனைக் குத்திப் பிடிக்கும் ஜிம்னோதோராக்ஸ் பேரினத்துப் பெரிய அஞ்சாலைகள் ராட்சச கணம். அதே பேரினத்தில் 30 சென்டிமீட்டரைத் தாண்டாத தங்கக் குள்ள அஞ்சாலை, பல்லால் ராட்சசம், உடலால் மனுஷம். தேவமும் தேவமும் சேரலாம். தேவமும் ராட்சசமும் சேர்ந்தால் ராட்சசம் மட்டும் மிஞ்சும்.

இங்கே ஒரு சிக்கல். கலிஃபோர்னியாவில் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அஞ்சாலையின் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருந்து, வாய்க்குள் பாய்ந்து வந்து இரையைக் கவ்வி உள்ளே இழுப்பதைக் காட்டியது. "பல் சின்னதுதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால், எந்தத் தாடையில் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. நம் மூல வினாவுக்கும் இங்கேயே விடை கிடைத்துவிட்டது: விலாங்குக்கு விலாங்கு காட்டுவது தலையுமல்ல, வாலுமல்ல, பல்.

மகேந்திரம். புத்திர பாக்கியம். அஞ்சாலை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரித்துப் பேர் சொல்லும் என்று நம்ப வேண்டாம். அதன் குஞ்சு கண்ணாடியில் செய்த இலையைப் போன்ற உருவத்தில் திறந்த கடலில் மாதக் கணக்கில் மிதந்து வளர வேண்டியது. ரிப்பன் ஈல் என்ற அஞ்சாலையோ இன்னும் குழப்பம்: இளமையில் கறுப்பு, ஆணாகும்போது நீலம், பிறகு பெண்ணாகி மஞ்சள் என்று நூல்கள் சொல்கின்றன. மாப்பிள்ளை வீடு எது, பெண் வீடு எது என்று தீர்மானிப்பதற்குள், சாப்பாட்டைத் தொடாமலே பல ரிப்பன்கள் பட்டினியில் போய்விடுகின்றன. பேரப்பிள்ளை ஆசை உள்ளவர்கள் கப்பி வளர்க்கலாம்.

ஸ்திரீ தீர்க்கம். சாஸ்திரத்தில் நட்சத்திரங்களுக்கிடையே உள்ள தூரம். இங்கே உடம்பின் நீளம். ஸ்நோஃப்ளேக் ஒரு மீட்டர் வரை போகும். ஸீப்ரா ஒன்றரை மீட்டர். விரல் பருமனில், கறுப்புக் கறைகளோடு லட்சணமாக விற்கப்படும் டெசலாட்டா குட்டி மூன்று மீட்டரை எட்டக்கூடியது. ராட்சத அஞ்சாலைக்கும் அதே நீளம். எடை 30 கிலோ. மூன்று மீட்டர் என்பது நம்மில் பலருடைய ஹாலின் அகலம். சேர்க்கும் அஞ்சாலைகள் நீளத்திலும் பருமனிலும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் வாய்க்குள் போகும் பருமனில் இருந்தால், ஒருநாள் அது வாய்க்குள் போகும். ஸ்நோஃப்ளேக் தனியாக என்றால் 300 லிட்டர்; ஸீப்ராவையும் சேர்ப்பதென்றால் 500-க்குக் குறையாமல்.

யோனி. சாஸ்திரம் இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் குதிரை, யானை தொடங்கிக் கீரி, சிங்கம் வரை 14 விலங்குகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பாம்பு உண்டு, மீன் இல்லை. பாம்பின் உருவமும் மீனின் பிறப்பும் கொண்ட அஞ்சாலைக்கு எந்தக் கட்டத்திலும் இடம் கிடைக்காததால், இப்பொருத்தத்தை 'ஒரே இனமா?' என்ற கேள்வியாக மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இரண்டு ஸ்நோஃப்ளேக்குகள் ஒத்துப்போவதுண்டு. நிபந்தனை, இரண்டும் ஒரே நாளில் தொட்டிக்குள் இறங்க வேண்டும். ஒன்று முன்பே வந்து குடியேறிவிட்டால், புதியதை விடுவதற்கு முன் பாறைகளையெல்லாம் இடம் மாற்றி அடுக்க வேண்டும். யாருக்கும் பட்டா இல்லை என்று ஆனபிறகு எல்லை வழக்கும் குறைகிறது.

ராசி. எல்லாருக்கும் மீனம். பொருத்தம் உத்தமம்.

ராசி அதிபதி. மீனத்துக்கு அதிபதி குரு; தொட்டிக்கு அதிபதி தொட்டிக்காரர். அவர் முகம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோவின் சுமிதா மீன் காட்சியகம் சாட்சி. 2020-இல் பெருந்தொற்றால் கதவடைத்தபோது, மணலில் கூட்டமாக நட்டுவைத்ததுபோல் நிற்கும் சுமார் 300 கார்டன் ஈல்கள் மனிதரை மறந்துபோய், ஊழியர் வந்தாலே மணலுக்குள் ஒளியத் தொடங்கின. மே 3 முதல் 5 வரை பொதுமக்கள் வீடியோ அழைப்பில் வந்து முகம் காட்டுங்கள் என்று காட்சியகம் வேண்டுகோள் விடுத்தது. விலாங்கு வர்க்கத்தில் உண்மையிலேயே சமுதாயமாக வாழ்பவை இவை. ஆனால் மிதக்கும் நுண்ணிரை தின்று வாழும் இவற்றை அஞ்சாலையோடு சேர்ப்பது கலப்பு மணம் ஆகாது, அன்னதானம் ஆகும்.

வசியம். ஒருவர்பால் ஒருவருக்கு ஈர்ப்பு. தொட்டிக்குள் லைவ் ராக் அடுக்கி, தலைக்கொரு பிவிசி குழாய் போட்டு, கூடுதலாக இன்னொன்றும் போட்டாலும், இரண்டு அஞ்சாலைகள் ஒரே குழாயில் நெருக்கியடித்துத் தலையை நீட்டுவதுண்டு. கடலிலும் வெவ்வேறு இனங்கள் ஒரே பொந்தில் குடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இது பாசமா, நல்ல பொந்து கிடைக்காத குறையா என்பது மேலாய்வுக்குரியது. குழாய் நிறைய இருந்தும் நடந்தால் பாசம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ரஜ்ஜு. ஆயுளைக் குறிப்பது. இது தட்டினால் மற்றது எதுவும் பார்க்க வேண்டாம் என்பார்கள், அஞ்சாலையிலும் அப்படியே. ரஜ்ஜு என்பது இங்கே மூடி. ஃபில்டர் குழாய் நுழையும் ஓட்டை, ஒயர் போகும் சந்து, மூடியின் ஓரத்தில் விட்ட இடைவெளி எல்லாம் அதற்கு வாசல். தலை நுழைந்தால் உடம்பு தானாக வரும். 2021-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஸ்நோஃப்ளேக்குகள் தண்ணீரை விட்டுச் சாய்வுப் பலகையில் ஏறி வந்து, கணவாய்த் துண்டைக் கவ்வி, கரையில் இருந்தபடியே விழுங்கின. தொண்டைத் தாடை இருப்பதால் இரையை உள்ளே தள்ளத் தண்ணீரின் உதவி தேவைப்படவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் போயின என்பதுதான் வித்தியாசம். நம் ஹாலில் திரும்பும் வழி தெரியாமல் சோபாவுக்கு அடியில் கருவாடாகிவிடும். மூடிமேல் கனமாக எதையாவது வைக்க வேண்டும். தடித்த அகராதி ஒன்றுக்கு வீட்டில் வேறு என்ன வேலை?

வேதை. துன்பத்தைக் குறிப்பது, இங்கே சாப்பாட்டு நேரத்தை. உருகவைத்த இறால் துண்டை நீண்ட இடுக்கியில் பிடித்துத் தண்ணீரில் இறக்கியதும், குழாய்க்குள்ளிருந்து முதலில் வருவது மூக்கு. முன்னால் சிறு குழலாக நீட்டிக்கொண்டிருக்கும் நாசி வாசனையைப் பிடித்துவிடும்; கண்ணோ மங்கல். தலை இடமும் வலமும் துழாவும், இறாலைத் தாண்டிப் போகும், பாறையைக் கடிக்கும், மறுபடி வரும். அந்த நேரத்தில் பக்கத்துக் குழாயிலிருந்து இரண்டாவது மூக்கும் வந்தால், ஒரே துண்டின் இரு நுனிகளில் இரண்டு வாய். கவ்வியது வாலைச் சுருட்டித் தன் உடம்பிலேயே முடிச்சுப் போட்டு, முடிச்சைத் தலைப்பக்கம் நகர்த்தி, அந்தப் பலத்தில் இழுத்துக் கிழிக்கும். தொட்டியில் ஏற்படும் காயங்களில் பல பகையால் வருவன அல்ல. இறால் என்று நினைத்து உறவினரைக் கடிப்பதால் வருவன.

பரிகாரம் எளிது. இரண்டு இடுக்கி, தொட்டியின் இரு கோடி, ஒரே நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. எப்போதும் ஒரே வகை மீனைக் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். இறால், நண்டு, கணவாய் என்று மாற்றி மாற்றித் தர வேண்டும். கையால் ஊட்டும் பாசம் வேண்டாம். அதன் கணக்கில் விரலும் இறாலும் ஒன்றே.

4. முடிவுகள்

பத்தில் ஐந்து கூடினால் செய்யலாம் என்பது மனிதர்களுக்கு உள்ள சலுகை. அஞ்சாலைக்குக் கணம், தீர்க்கம், ரஜ்ஜு மூன்றும் கட்டாயம். வேதைக்குப் பரிகாரம் உண்டு. மற்றவை ஜோசியருக்கு மரியாதை. ஒரே நாளில் இறங்கிய ஒத்த உயரத்து ஸ்நோஃப்ளேக்கும் ஸீப்ராவும் உத்தமப் பொருத்தம். குட்டி டெசலாட்டாவோடு எதைச் சேர்த்தாலும் அது தற்காலிக ஏற்பாடு.

இவ்வாய்வில் எதிர்பாராமல் வெளிப்பட்ட முடிவு ஒன்று உண்டு. அஞ்சாலைகளுக்கு இடையே சமாதானம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் நிறைந்த வயிறு, கூடுதல் குழாய், கனமான மூடி. மூன்றுக்கும் பொறுப்பாளி ஒருவரே. ஆகவே இரண்டு அஞ்சாலைகளின் ஜாதகத்தை மட்டும் பார்ப்பது போதாது. அவை பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியவை. அஞ்சாலையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் கடைக்காரர் வாங்குபவரிடம் கேட்க வேண்டியவை: சொந்த வீடா, வாடகையா? மாற்றல் உள்ள உத்தியோகமா? கரண்டு போனால் பம்ப்பை ஓட்ட என்ன ஏற்பாடு? ஊருக்குப் போகும்போது இடுக்கியைப் பிடிக்கத் தைரியமுள்ள மாமாவோ மச்சானோ உண்டா? இதற்கெல்லாம் பதில் சரியாக அமையாதவருக்கு ஒரு நல்ல வரனை ஏன் கெடுக்க வேண்டும்?